திரும்பக் கூப்பிட்டபோது வந்தாரா?

குழாய் ஒழுகினாலும் சரி, சுவிட்சில் பொறி பறந்தாலும் சரி, நாம் முதலில் கேட்பது பக்கத்து வீட்டில்தான். "யாராவது நல்ல ஆள் தெரியுமா?" பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். "ஒருத்தர் இருக்கார், தங்கமான மனுஷன்." உடனே நம்பர் கைமாறிவிடும். அந்தத் தங்கமான மனுஷன் அவர்கள் வீட்டில் என்ன வேலை செய்தார், எப்போது செய்தார், அந்த வேலை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பவரும் கேட்பதில்லை, சொல்பவரும் சொல்வதில்லை.

நான் வேறு மாதிரி கேட்பேன். "வேலை முடிஞ்சப்புறம் ஏதாவது கோளாறு வந்துச்சா? கூப்பிட்டீங்களா? வந்தாரா?" இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வேலை நடக்கும் நாளில் பெரும்பாலும் எல்லோரும் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள். கணக்கு தீர்ந்து, பணம் கைக்குப் போய், ஆறு மாதம் கழித்து, "அண்ணே, அந்த மூலையில மறுபடி ஈரமா இருக்கு" என்று போன் போகும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

காரணம் எளிது. வீட்டு வேலைகளில் பாதி, முடிந்த அன்றே கண்ணுக்கு மறைந்துவிடுபவை. குளியலறைத் தரையில் நீர் இறங்காமல் இருக்கப் பூசும் பூச்சின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். வயர் சுவருக்குள் போய்விடும். குழாய் இணைப்பின் மேல் சிமெண்ட் பூசிவிடுவார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே பொறுப்பாகச் செய்திருக்கிறார்களா, ஒப்பேற்றியிருக்கிறார்களா என்பது ஒரு மழைக்காலமோ ஒரு கோடையோ போன பிறகுதான் தெரியும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு விஷயத்தைச் சொன்னார். நல்ல கார் எது, ஓட்டை கார் எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் சந்தையை விட்டே விலகிவிடுவார். கடைசியில் மோசமானவை மட்டும் மிஞ்சும். இந்த மாதிரியான சந்தைகளை ஆராய்ந்ததற்காக 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டு வேலைக்கு வருபவர்களின் நிலைமையும் இதேதான். வேலையின் தரத்தை நம்மால் கண்ணால் பார்த்து அளக்க முடியவில்லை, அதனால் கூலியை மட்டும் ஒப்பிடுகிறோம். நிதானமாக, சோதித்துப் பார்த்து வேலை செய்பவருக்கு நேரம் கூடுதலாக ஆகும், கூலியும் கூடுதலாகத்தான் வரும். அவரை விட்டுவிட்டுக் குறைவாகச் சொன்னவரைக் கூப்பிடுகிறோம். இப்படி நாலு தெருவில் நடந்தால் அந்த நல்ல மனிதர் வேறு பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார். அக்கம்பக்கத்தில் நாம் பேசிக்கொள்வது இந்த இடத்தில்தான் பெரிய காரியம் செய்கிறது. யாருடைய வேலை நிலைத்து நின்றது என்ற செய்தி பரவினால்தான் நிலைத்து நிற்கும் வேலைக்கு மதிப்பு இருக்கும்.

ஒரு நல்ல வேலைக்காரர் எப்படி யோசிப்பார் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் குளியலறைக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக் கூரையில் ஈரக்கறை. கீழ்வீட்டு அக்கா பொறுமைசாலி, இருந்தாலும் எத்தனை நாள்தான் பொறுப்பார். வந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் வாசலில் நின்றபடியே, "மேல டைல்ஸ் எல்லாத்தையும் உடைக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் தம்பி சொல்லி வயதான பிளம்பர் ஒருவர் வந்தார். அவர் சுத்தியலை வெளியே எடுக்கவே இல்லை. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னார், தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார், அரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் தண்ணீரைத் தொடவிடவில்லை. மீட்டர் நகரவில்லை. "அப்ப வர்ற லைன்ல கசிவு இல்ல. போற லைன், இல்லாட்டி தரை, ரெண்டுல ஒண்ணு."

அப்புறம் கீழே போய், ஸ்டூல் மேல் ஏறி, அந்தக் கறையின் ஓரத்தை அப்படியே பென்சிலால் வளைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதினார். மேலே வந்து குளியலறையின் தண்ணீர் போகும் வழியை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீரைத் தேக்கிவைத்துவிட்டு, "நாளைக்கு இதே நேரம் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். மறுநாள் கறை பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. தரை நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். அடைப்பை எடுத்துத் தண்ணீரை மொத்தமாக வெளியேற விட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே கோட்டுக்கு வெளியே ஈரம் படர ஆரம்பித்தது. குறை, தண்ணீர் வெளியேறும் இடத்தில் குழாய் சேரும் இணைப்பில். ஒரேயொரு டைலை மட்டும் எடுத்து அந்த இணைப்பை மாற்றினார். மறுபடி அதே சோதனையைச் செய்து, கறை நின்றுவிட்டதை அக்காவையும் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் கூலியை வாங்கினார்.

அதோடு முடிந்திருந்தால் நானும் "தங்கமான மனுஷன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். சில மாதம் கழித்து அதே சுவர்ப்பக்கம் புதிதாக ஓர் ஈரத்திட்டு தெரிந்தது. போன் செய்தோம், அன்று மாலையே வந்தார். விரலை வைத்துப் பார்த்தார், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஏசியிலிருந்து தண்ணீர் போகும் டியூப் மடங்கி, சுவரிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. அவர் செய்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டியூபை நிமிர்த்திக் கட்டிவிட்டு, பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது யார் கேட்டாலும் இந்த இரண்டாவது வருகையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஆளை அனுபவித்துப் பார்ப்பதற்கு முன்பே, பேச்சிலேயே பிடித்துக்கொள்ளக்கூடிய சில அடையாளங்களும் உண்டு. இதெல்லாம் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பலருடைய பணமும் உயிரும் தப்பும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

ஏசி குளிரவில்லை என்றால், "கேஸ் தீர்ந்துபோச்சு, நிரப்பிடலாம்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். ஏசியின் கேஸ் எரிந்து தீரும் எரிபொருள் கிடையாது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைத் தேடி அடைக்காமல் நிரப்பினால் அடுத்த வருடமும் அதே கதைதான். "எங்க லீக்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஒழுங்கான பதில் சொல்பவரை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார வேலையில் இதைவிடக் கவனம் வேண்டும். எம்.சி.பி., அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பை நிறுத்தும் சுவிட்ச், அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டால், "பெருசா ஒண்ணு மாட்டிடறேன், இனிமே விழாது" என்று சொல்பவர் உண்டு. எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அது விழ வேண்டும். வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், அது விழாது, சுவருக்குள் வயர் சூடாகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இப்படிச் சொல்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே போல, மனிதருக்கு ஷாக் அடிக்கும்போது இணைப்பைத் துண்டிக்க ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று இருக்கிறது. வீடுகளுக்கு உரியது, 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே விழுவது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் உடனே விழ வேண்டும். வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியன் தானாகவே அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தால், அவர் தொழில் தெரிந்தவர் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொள்வேன்.

பெயின்டர் என்றால் ஈரமான சுவரைப் பார்த்ததும் டப்பாவைத் திறக்காதவராக இருக்க வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அடித்த பெயின்ட் கொப்பளித்து உரியும். இதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

வேலை தொடங்கும் முன் என்ன செய்யப் போகிறார், எந்தப் பொருள், யார் வாங்குவது, எத்தனை நாள் என்பதை ஒரு தாளிலோ மெசேஜிலோ எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. நல்ல வேலைக்காரர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், பின்னால் வரும் மனஸ்தாபம் அவருக்கும் வேண்டாமே. பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, கடைசிப் பகுதியைச் சோதனை முடிந்ததும் கொடுக்கலாம். குளியலறை என்றால், பூச்சுப் பூசிய பிறகு டைல்ஸ் ஒட்டும் முன் குறைந்தது ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தி அந்த ஒரு நாளை மிச்சம் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை. அப்புறம், சுவரை மூடும் முன் உள்ளே ஓடும் குழாய்களையும் வயர்களையும் போட்டோ எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. என்றைக்கோ ஒருநாள் சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

சரி, ஆளை எங்கே தேடுவது? நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் கேட்டால் அதே இரண்டு நம்பர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும், ஏனென்றால் நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் வேலை தேடியவர்களைப் பற்றிச் செய்த ஆய்வை 1973-இல் வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், தகவல் சொன்னவரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்களுக்குச் செய்தி வந்தது எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர்களிடமிருந்து. ஆள் தேடுவதிலும் இது பலித்திருக்கிறது. காவலாளி, மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவ வருபவர், புதிதாகக் குடிவந்து வீட்டைச் சீர்செய்து முடித்த குடும்பம், இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காவலாளிக்கு யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் வேலை முடித்துக் குப்பையை அள்ளிக்கொண்டு போகிறார் என்பது அத்துப்படி. ஹார்டுவேர் கடைக்காரருக்கும் நிறையத் தெரியும், யார் தரமான பொருள் கேட்டு வாங்குகிறார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் சொல்லும் பெயரில் கமிஷனும் கலந்திருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

பெயர் சொல்பவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. நாம் ஒருவரைக் கைகாட்டினால், நம்மை நம்பி ஒரு குடும்பம் தன் வீட்டுக் கதவைத் திறக்கிறது. பகலில் ஒரு பெண் தனியாகவோ, வயதானவர்கள் மட்டுமோ இருக்கும் வீடாக அது இருக்கலாம். ஆகவே என்ன வேலைக்குக் கூப்பிட்டோம், எப்போது, எவ்வளவு பெரிய வேலை, அவரே வந்தாரா ஆட்களை அனுப்பினாரா, இவ்வளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாய் மாட்டுவதில் கெட்டிக்காரர் புதுக் கட்டடத்துக்கு லைன் இழுப்பதிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது. அவர் நமக்குச் சொந்தக்காரர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வேலை செய்பவர் பக்கமும் நியாயம் உண்டு. வேலை முடிந்த நாளே கூலியைக் கொடுப்பது, குறை இருந்தால் தெரு முழுக்கச் சொல்லும் முன் அவரிடம் நேராகச் சொல்லிச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுப்பது, அவரைக் கேட்காமல் அவர் நம்பரைக் கண்ட இடத்தில் பரப்பாமல் இருப்பது, இதெல்லாம் நம் கடமை. நம் வீட்டில் செய்த சின்ன வேலைக்கு வாங்கிய கூலியை, "அங்கே இவ்வளவுதானே வாங்கினார்" என்று பக்கத்து வீட்டுப் பெரிய வேலைக்கு அளவுகோலாக்கிவிடக் கூடாது. அக்கம்பக்கத்தார் மரியாதையாக நடத்தும் தெருவுக்கு நல்ல வேலைக்காரர்கள் கூப்பிட்டதும் வருவார்கள். இதை நான் கண்ணாரப் பார்க்கிறேன்.

இதே கேள்வியைக் குடும்ப விஷயங்களில் வரும் யோசனைகளுக்கும் போட்டுப் பார்க்கிறேன். அக்கம்பக்கத்தில் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. எல்லாம் அக்கறையோடுதான் வரும். "அப்படிச் செஞ்சப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், சொந்தமாகப் பட்டவர் எவர், எங்கோ கேட்டதைச் சொல்பவர் எவர் என்று பிரிந்துவிடும்.

மருந்து, காயம் என்று வரும்போது அந்தக் கேள்வி மட்டும் போதாது. தீக்காயம் பட்ட கையில் பற்பசை தடவச் சொல்லாத தெரு கிடையாது. பற்பசையும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுவதுதான் முதலுதவி. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டு வைக்கக்கூடாது, அதிலிருக்கும் ஒரு கிருமியை அந்தச் சின்னக் குடல் தாங்காது. காய்ச்சலுக்கு, "என் பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் கொடுப்பேன், நீயும் கொடு" என்பது அன்பான பேச்சு, ஆபத்தான பேச்சும்கூட. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. அவர்கள் பாட்டிலின் ஒரு ஸ்பூனும் நம் பாட்டிலின் ஒரு ஸ்பூனும் ஒன்றில்லை. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, அதை மருத்துவரோ மருந்தாளுநரோதான் சொல்ல வேண்டும்.

ஆனால் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாத சில விஷயங்களைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். என் மாமியாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தபோது, குளியலறையில் பிடிமானக் கம்பி வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். எங்கே வைப்பது, எந்த உயரம் என்று யாரும் சொல்லவில்லை. தன் தாயாரை அதே நிலையில் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார். "அத்தையை முதல்ல உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லு. கை தானா எங்க போகுதுன்னு பாரு. அங்க வை." அத்தை மெதுவாக உட்கார்ந்து, எழும்போது இடது கை சுவரில் ஓர் இடத்தைத் தொட்டது. நாங்கள் மனதில் வைத்திருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு முழம் வித்தியாசம். பெரியம்மா தன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார். இன்னொன்றும் சொன்னார்: டைலில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் வைத்த கம்பியை வாங்காதே, ஆள் பாரம் விழுந்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். டைலைத் தாண்டிச் சுவருக்குள் துளை போட்டு, ஆங்கர் போல்ட் இறுக்கி மாட்ட வேண்டும். கம்பி மாட்ட வந்த தச்சர் வேலை முடிந்ததும் தானே அதைப் பிடித்து முழு பாரத்தோடு தொங்கிக் காட்டினார். அவரையும் பெரியம்மாதான் சொல்லியிருந்தார். "எங்கம்மாவுக்கு மாட்டினது, ஒரு தடவை லேசா ஆடுச்சு, சொன்னதும் வந்து பெரிய போல்ட் போட்டுட்டுப் போனார்" என்று முழு விவரத்தோடு.

அந்த வயதான பிளம்பருக்கு இப்போது முழங்கால் வலி, ஏணி ஏறுவதை நிறுத்திவிட்டார். இனி யாரைக் கூப்பிடுவது என்று அவரிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, தன்னிடம் தொழில் கற்ற இரண்டு பேரைச் சொன்னார். "பெரியவன் கசிவு கண்டுபிடிக்கிறதுல என்னைவிடப் பொறுமை, ஆனா மோட்டார் வேலைக்கு அவனைக் கூப்பிடாதீங்க, கை வராது. மோட்டாருக்குச் சின்னவன். ஆனா அவன் சாயங்காலத்துல வேலையை ஆரம்பிக்கிறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அவசரப்படுவான். காலையிலயே வரச் சொல்லுங்க." இரண்டு நம்பரையும், கூடவே அவர் சொன்ன இந்த வார்த்தைகளையும் அப்படியே கீழ்வீட்டு அக்காவுக்கு அனுப்பிவைத்தேன்.